பதினான்காம் பக்கத்துப் பிழை

அடுப்பு கேஸை மூடினோமா இல்லையா என்கிற சந்தேகம் கோகிலவாணிக்குத் தினமும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வரும். வீட்டுப் படி இறங்கும்போது வரக் கூடாதா, பஸ்ஸுக்கு நிற்கும்போது வரக் கூடாதா, வராது. சரவணம்பட்டியில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, மூணு மாடி ஏறி, பையை மாட்டி, கம்ப்யூட்டர் கண் திறந்ததும்தான் சனியன் வந்து தோளில் உட்காரும். மூடியிருப்பாள். நாற்பத்தொரு வயசு வரைக்கும் ஒருநாள் மூடாமல் வந்தவள் இல்லை. குமிழைத் திருகின கை ஞாபகத்தில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது இன்றைய கையா நேற்றைய கையா, யார் சாட்சி? திறந்து கிடப்பதை மூடுவதுதான் இப்போது அவளுக்கு உத்தியோகமே என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. இந்த ஆபீஸில் செய்த 'பாவு' என்கிற மென்பொருளை வைத்து வெப்சைட் கட்டலாம், பாலிடெக்னிக் பிள்ளைகளும் சின்னச் சின்னக் கம்பெனிக்காரர்களும் கட்டுகிறார்கள், அவர்களுக்காகத் தமிழிலேயே எழுதின கையேடு ஒன்று வலையில் இருக்கிறது. அதில் ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி என்கிற பகுதி மட்டும் அறுபத்திரண்டு பக்கம். பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு மாற்றினபோது டேக்கெல்லாம் கலைந்து, மூடாதது பாதி, இரண்டு தடவை மூடினது பாதி என்று சந்தைக் கடையாகிவிட்டது. டேக் என்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, தடித்த எழுத்து இங்கே ஆரம்பம் என்று ஒன்று, இங்கே முடிந்தது என்று இன்னொன்று. முடிந்தது போட மறந்தால் பக்கம் பூராவும் தடித்துக்கொண்டே போகும். பிழை எங்கே எங்கே என்று எண்ணிச் சொல்ல ஒரு செக்கர் இருக்கிறது. மூணு வாரத்துக்கு முன்னால் அது நானூற்றுப் பன்னிரண்டு என்று சிவப்பாகச் சொன்னது. இன்றைக்குக் காலை பத்தே முக்காலுக்கு ஜீரோ என்று பச்சையாகச் சொல்லிவிட்டது. சொன்ன மாத்திரத்தில் மேனேஜர் அம்சவேணி எங்கிருந்துதான் மோப்பம் பிடித்தாரோ, வந்து பின்னால் நின்று, "ஐயோ கோகிலாக்கா, நெசமாலுமே ஜீரோங்களா!" என்று செல்போனில் படம் பிடித்து ஆபீஸ் குரூப்பில் போட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்குப் புதுப் பதிப்பு வெளியே போகிறது. வெள்ளிக்கிழமை அவளுடைய ஆறு மாதப் ப்ரொபேஷன் முடிகிறது. பதினோரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவளுக்கு இந்த ஜீரோவைவிட வேறு என்ன சிபாரிசு வேண்டும்? கேஸை மூடியிருப்பாள்.

இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, வேலையோ முடிந்துவிட்டது, சும்மா உட்கார்ந்தால் கேஸ் ஞாபகம்தான் வரும் என்று கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். இந்த மூணு வாரமும் அவள் இதைப் படித்தாளா என்றால் இல்லை, மேய்ந்தாள். திறந்தது எங்கே மூடினது எங்கே என்று ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். ஆனாலும் ஓரத்தில் நடக்கும்போதே உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இப்போது காது கொடுத்தால் அடேயப்பா, என்ன எழுத்து! 'பட்டனை இரண்டு தடவை அழுத்துவார்கள். லிஃப்டுக்கு நிற்கும்போது நாமும் அப்படித்தானே செய்கிறோம். அவர்களைத் திட்டாதீர்கள், இரண்டாவது அழுத்தலையும் எதிர்பார்த்து எழுதுங்கள்.' இப்படி யாராவது கம்ப்யூட்டர் புஸ்தகம் எழுதுவார்களா? இன்னொரு இடத்தில், 'இந்தப் பத்தி புரியவில்லை என்றால் தப்பு உங்கள் மேல் இல்லை. நான்கு தடவை எழுதிப் பார்த்தேன், எனக்கு இவ்வளவுதான் வந்தது.' மனுஷன் அச்சில் ஒப்புக்கொள்கிறான் பார், எனக்கு வரவில்லை என்று! வாத்தியார்மாரில் ஒருத்தராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறாளா அவள், புரியலீன்னா உங்க மண்டையில களிமண்ணு என்பதுதானே பாடத்தின் முதல் வரி. எழுதினவன் வேறு யாருமில்லை, ஜன்னலோரம் மூணாவது மேஜையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறானே, செங்கோட்டுவேலு, அவன்தான். அவளைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவன். ஆறு மாதத்தில் அவளிடம் அவன் பேசினதை எண்ணினால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். "வாங்க்கா", "சரிங்க்கா", "டீ வந்துருச்சுங்க்கா", ஒருநாள் மழைக்கு "கொடை இருக்குதுங்களா" என்று ஒன்று. யாராவது எதிரே வந்து நின்றால் காது மடல் சிவந்துபோகும். அப்படிப்பட்டவன் இங்கே பார்த்தால் அறுபத்திரண்டு பக்கமும் முன்பின் தெரியாத பிள்ளைகள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசுகிறான். அதுவும் எதைப் பேசுகிறான் என்றால், தான் செய்த தப்பையெல்லாம் பேசுகிறான். 'இதை நான் செய்தேன்' என்று நாலு பக்கத்துக்கு ஒரு தடவை வருகிறது. தேதியைத் தலைகீழாகப் போட்டு ஒரு கல்யாண மண்டபத்தின் ஆகஸ்டு முழுக்க ஜனவரியில் பதிவானது, இதை நான் செய்தேன். சோதனைக்கு என்று 'அடேய் வந்து தொலை' என்று எழுதி வைத்ததை எடுக்க மறந்து, அது வாடிக்கையாளர் திரையில் போய் நின்றது, இதை நான் செய்தேன். அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள், பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது. தன் தப்பை இப்படி ஊர் பார்க்கத் தொங்கவிட ஒரு மனசு வேண்டும். தனக்கு அது கிடையாது. பெருமையாகவும் இருந்தது, ஏனோ கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் பதினான்காம் பக்கத்துக்கு வந்தாள்.

பதினான்காம் பக்கம் இப்படிப் போனது. 'வெளியே இருக்கிற ஸ்கிரிப்ட் கோப்பைப் பக்கத்துக்குள் கூப்பிடும்போது, திறக்கிற டேக்கின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டால் மூடினதாக ஆகிவிடும் என்று தோன்றும். ஆகாது. தனியாக ஒரு மூடுகிற டேக் வேண்டும். அது இல்லாவிட்டால் அதற்குக் கீழே இருக்கிற எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் விழுங்கிவிடும், பக்கம் வெள்ளையாக வரும். பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வெறும் வெள்ளை. இதை நான் செய்தேன், மூன்று நாள் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி எழுதாதீர்கள்:' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'இப்படி எழுதுங்கள்:' என்று ஒரு வரி. இரண்டையும் படித்தாள். மறுபடி படித்தாள். விரலை வைத்து எழுத்தெழுத்தாக, சின்ன வயசில் வாய்ப்பாடு படித்த மாதிரி படித்தாள். இரண்டும் ஒன்றேதான். எழுதாதே என்பதிலும் தனி மூடுகிற டேக், எழுது என்பதிலும் தனி மூடுகிற டேக். ஐயையோ. இவனா இப்படி எழுதுவான்? இவன் எழுதவில்லை, தாயே, நீதான் எழுதினாய். போன செவ்வாய்க்கிழமை. இந்த செக்கர் இருக்கிறதே, அதற்கு வாசகம் எது, எடுத்துக்காட்டு எது என்ற பேதம் கிடையாது, எடுத்துக்காட்டுக்குள்ளும் மூக்கை நுழைத்துப் பிழை பிழை என்று கத்தும். செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் அறுபது பிழை பார்த்தாள், கை தறியில் ஓடுகிற நாடா மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, மூடவில்லையா மூடு, மூடவில்லையா மூடு. இதுவும் மூடவில்லை என்றது செக்கர், இதையும் மூடினாள். மேலே ஒரு வரி, 'எழுதாதீர்கள்' என்று ஒரே ஒரு சொல், அதைப் படித்திருந்தால் தீர்ந்தது. படிக்கவில்லை. அவன் மூணு நாள் வெள்ளையைப் பார்த்துச் சம்பாதித்த பிழை அது, பிள்ளைகளுக்கு என்று பத்திரமாக எடுத்து வைத்த பிழை. அதை இவள் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டாள்.

உடனே திருத்திவிட்டால் என்ன என்று மனசு சொன்னது, உடனேயே அதே மனசு திருத்தினால் என்ன ஆகும் என்றும் சொன்னது. பழைய பிழையைத் திருப்பி வைத்தால் செக்கர் ஒன்று என்று சிவப்பாகக் காட்டும். ஜீரோ போயிற்று. படம் குரூப்பில் இருக்கிறது. இருபத்துமூணு பேர் கை தட்டியிருக்கிறார்கள், அதில் ஒன்று பெரிய முதலாளியின் கை. பதினோரு வருஷம் கழித்து வந்தவள், சின்னப் பிள்ளைகள் நடுவில் அக்கா அக்கா என்று கூப்பிடக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள், வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் போய், மேடம் நான் ஒன்றைக் கெடுத்துவிட்டேன், அந்த ஜீரோ பொய் என்று சொல்ல வேண்டும். யார் கண்டார்கள்? அறுபத்திரண்டு பக்கத்தில் ஒரு பக்கம், அதில் ஒரு வரி. செங்கோட்டுவேலு திரும்பப் படிக்கப் போகிறானா, எழுதினவன் எங்கே எழுதினதைப் படிக்கிறான். அடுத்த மாதம் ஓசைப்படாமல் மாற்றிவிடலாம். கை தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போனது. தங்கமணி. வேண்டாம் இந்தப் பேர், எங்கே வந்தது இது? பதினெட்டு வருஷமாகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்த புதிது, கல்யாணம்கூட ஆகவில்லை. பழுதான இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. சுவரில் ஒரு பலகை, அதில் ஏழு பனியன் வரிசையாகக் குத்தி வைத்திருப்பார்கள், ஓட்டை விழுந்தது, தையல் விட்டது, எண்ணெய்க் கறை பட்டது. இந்த மாதிரி வந்தால் தள்ளு என்று புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட. ஒருநாள் சீக்கிரமாக வந்துவிட்டாள், கறை பட்ட பனியன் கண்ணில் பட்டது, இவ்வளவு அழுக்கை யார் மாட்டி வைத்தது என்று கறை எடுக்க மருந்து பீய்ச்சுகிற கன்னை எடுத்துச் சுத்தமாக்கி மறுபடி குத்தி வைத்தாள். சாமர்த்தியக்காரி! அன்றைக்கென்று பார்த்து வெளியூர்க்காரர் ஒருத்தர் சரக்குப் பார்க்க வந்தார், கறை என்று எழுதின இடத்தில் பளபளவென்று வெள்ளைப் பனியன் தொங்குவதைப் பார்த்துச் சிரித்தார். சூப்பர்வைசருக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. கறை எடுக்கிற கன் யார் பொறுப்பு? தங்கமணி பொறுப்பு. "நானில்லீங்க, நான் தொடவே இல்லீங்க" என்று தங்கமணி சொல்லிக்கொண்டே நின்றாள், யாரும் கேட்கவில்லை. ஆறு மாதம் பிசிறு வெட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டு கத்தரியும் கையுமாக. கோகிலவாணி மேஜை அப்போது அவளுக்கு நேர் எதிரே. ஒரு சொல், நான்தானுங்க என்று ஒரே ஒரு சொல், நாக்கு நுனி வரைக்கும் வந்தது, மத்தியானச் சோற்றோடு உள்ளே போய்விட்டது. அதன் பிறகு தங்கமணி எத்தனையோ நாள் தன் டப்பாவிலிருந்து எள்ளுப் பொடி எடுத்து வைத்திருக்கிறாள் இவளுக்கு. அதையும் தின்றாள். மூடினோமா இல்லையா என்கிற இந்தப் பீடை அப்போதுதான் பிடித்ததோ என்னவோ, யாருக்குத் தெரியும்.

பதினொன்று இருபது. யாரோ இஞ்சி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள், ஆறட்டும். எங்கேயோ ஒரு பிள்ளை, பெருந்துறையோ தாராபுரமோ, பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் ரூமில் உட்கார்ந்திருக்கும், பக்கம் வெள்ளையாக வந்திருக்கும். ஏன் என்று தெரியாது. கையேட்டைத் திறந்து பதினான்காம் பக்கத்துக்கு வரும், வெள்ளையாக வரும் என்கிற வரியைப் பார்த்ததும் அப்பாடா என்று மூச்சு விடும், நமக்கு நடந்தது இவருக்கும் நடந்திருக்கிறதே! அப்புறம் எழுதாதே என்பதையும் எழுது என்பதையும் பார்க்கும். இரண்டும் ஒன்று. மறுபடி பார்க்கும். விரலை வைத்துப் பார்க்கும். தனக்குத்தான் கண் சரியில்லை, தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைக்கும், சத்தியமாக அப்படித்தான் நினைக்கும், அச்சில் இருப்பது தப்பாக இருக்கும் என்று எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்? தப்பு உங்கள் மேல் இல்லை என்று அவன் அவ்வளவு பாடுபட்டு எழுதினது பூராவும் அந்த ஒரு வரியில் பொய்யாகிவிடும். சீ, என்ன பொம்பளை நீ, இருபத்துமூணு கை தட்டலுக்காக அந்தப் பிள்ளையை நட்டாற்றில் விடுவாயா என்று தன்னையே வைதாள். வைதுகொண்டே கை போய்விட்டது. தனி மூடுகிற டேக்கை அழித்தாள், அவன் வைத்திருந்த சாய்கோட்டைத் திரும்ப வைத்தாள். செக்கரை ஓட்டினாள். ஒன்று. குங்குமப் பொட்டு மாதிரிச் சிவப்பாக ஒன்று. பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, அது பாட்டுக்கு அழகாக இருந்தது. ஆனால் இதோடு விட்டால் ஆகாது, நாளைக்கே இன்னொரு கை வரும், மூடவில்லையா மூடு என்று மூடிவிட்டுப் போகும். கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும். 'இந்தப் பிழையைத் திருத்தாதீர்கள், தெரிந்தே வைத்தது' என்று அடித்தாள். சரியாகத்தான் இருந்தது, ஆனால் ஏதோ அதிகாரி போட்ட போர்டு மாதிரி இருந்தது. அவன் எழுதியிருந்தால் எப்படி எழுதுவான்? பக்கத்திலேயே, 'திருத்தியவர்: கோகிலவாணி, ஒரு தடவை' என்று சேர்த்தாள். தன் பெயரைக் கையேட்டில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது உண்டு, இப்படியா என்று கேட்டால், இப்படித்தான். செங்கோட்டுவேலுவின் பார்வைக்கு அனுப்பிவிட்டு எழுந்து அம்சவேணி மேஜைக்கு நடந்தாள். பத்தடி தூரம்தான்.

"மேடம், ஜீரோ இல்லீங்க. ஒண்ணுங்க" என்றாள். அம்சவேணி நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க்கா வெளையாடறீங்க, போட்டோ போட்டு அரை மணி நேரந்தானுங்க ஆச்சு?" "நான் ஒண்ணைக் கெடுத்துப்போட்டேனுங்க. கெட்டுப்போனாப்புல இருக்கோணும்னு வெச்சிருந்ததை நல்லது பண்ணறேன்னு கெடுத்துட்டேன். இப்பத்தான் பார்த்தேன், திருப்பி வெச்சுட்டேன். பதினாலாம் பக்கமுங்க." நாக்கு நுனியில் பதினெட்டு வருஷமாக இருந்தது இறங்கிவிட்ட மாதிரியும் இருந்தது, இது அது இல்லை என்றும் தெரிந்தது. அம்சவேணி எழுந்தார், முகம் கொஞ்சம் கறுத்துத்தான் இருந்தது. "ஏனுங் செங்கோட்டு, அக்கா என்னமோ சொல்றாங்க, ஒரு எட்டுப் பாருங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் நடந்தார், இவளும் பின்னாலேயே போனாள். அவன் திரும்பவில்லை. பதினான்காம் பக்கம் அவன் திரையில் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது, காது மடல் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. கோபமா? கோபம் வந்தால் இவன் என்ன செய்வான், ஆறு மாதத்தில் பார்த்ததில்லையே. என்னவோ அடித்தான், நிறுத்தினான், மறுபடி அடித்தான். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, படித்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி வழி விட்டான். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அவள் எழுதின வரி அப்படியே இருந்தது, அதன் வாலில் ஒன்று சேர்ந்திருந்தது. 'திருத்தியவர்: கோகிலவாணி, ஒரு தடவை. செங்கோட்டுவேலு, இரண்டு தடவை.'

"ரெண்டு தடவையா?" என்றார் அம்சவேணி. செங்கோட்டுவேலு மேஜையைப் பார்த்துக்கொண்டே, "எழுதுனவனே திருத்திப்போட்டனுங்க. போன வருசம் ஒருக்கா, அதுக்கு முன்னால ஒருக்கா. ரெண்டு தடவையும் நானேதான் பொறகு பார்த்துத் திருப்பி வெச்சேன்" என்றான். அப்புறம் கோகிலவாணி பக்கம் திரும்பி, "படிக்கறவங்க யாராச்சும் ரெண்டும் ஒண்ணா இருக்குதுன்னு சொல்லுவாங்கன்னு நானும் பார்த்துட்டேதான் இருந்தேன், நீங்கதானுங்க்கா கண்டுபுடிச்சீங்க" என்றான். ஆறு மாதப் பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டான். அம்சவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. குரூப்பிலிருந்து பழைய படத்தை அழித்தார். "வாங்க்கா, உங்க சீட்டுக்கு. அந்தச் செவப்பு ஒண்ணு தெரியறாப்புல நில்லுங்க, வேற போட்டோ எடுக்கலாம். வெள்ளிக்கிழமை வேலை பர்மனன்ட் ஆகற பேப்பருல கையெழுத்துப் போட மறந்தராதீங்க." கோகிலவாணி நின்றாள். படத்தில் கண் மூடியிருந்தது, இன்னொன்று எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் கையேடு ஒரு பிழையோடு வெளியே போனது. எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள், யாருடைய டப்பாவிலிருந்தோ எள்ளுப் பொடி வாசம் வந்தது. கேஸ் ஞாபகம் ஒரு மணி நேரமாக வரவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. டப்பாவைத் திறக்காமல் செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். திருப்பூரில் அப்போது கூட வேலை பார்த்த பிரேமா இன்னமும் அதே பனியன் கம்பெனியில்தான் இருக்கிறாள், தங்கமணி நம்பர் அவளிடம் இருக்கும்.